நான்கு ஜிபியில் முக்கால் ஜிபி எங்கே போனது?

2007-லிருந்து 2010 வரை புதிதாகக் கணினி வாங்கிய பலரிடம் ஒரு கேள்வி இருந்தது. 4 ஜிபி ரேம் என்று சொல்லித்தான் வாங்கியிருப்பார்கள். ரசீதிலும் 4 ஜிபி என்றுதான் இருக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் 2 ஜிபி துண்டுகள் இரண்டு ஒழுங்காகச் சொருகியிருக்கும். ஆனால் விண்டோஸிடம் கேட்டால் அது 3.25 என்று சொல்லும். பக்கத்து வீட்டில் 3.5 என்று சொல்லும். பெரிய வீடியோ கார்டு போட்டவர் வீட்டில் 3-க்கும் கீழே இறங்கிவிடும். ஒரே பொருள், வீட்டுக்கு வீடு வேறு வேறு கணக்கு.

“32 பிட்னா அப்படித்தான்” என்பது அன்றைக்கு எல்லாரும் சொன்ன பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடிப்போனால் 1978 வரைக்கும் பின்னால் போகவேண்டியிருக்கிறது. ஏனென்றால் பெட்டிக்குள் ரேம் இருந்தும் இயங்குதளம் அதைக் கணக்கில் எடுக்காமல் போனது 4 ஜிபியில் முதல்முறையாக நடந்ததல்ல. 640 கேபியில் நடந்தது, 64 எம்பியில் நடந்தது, 512 எம்பியில் நடந்தது. ஒவ்வொரு முறையும் அந்த எல்லை இயற்கை விதி மாதிரிதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. கிளறிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் அடியில் யாரோ சிலர் எடுத்த முடிவு இருக்கிறது.

தாமானும் வீட்டு எண்ணும்

கணினி படிக்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ரேமை ஒரு பெரிய தாமான் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் ஒரு பைட். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். ப்ராசசர் தபால்காரர் மாதிரி. அதற்கு வீட்டுக்காரர் பெயரெல்லாம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். கடித உறையில் வீட்டு எண் எழுத இரண்டே கட்டங்கள் இருந்தால் 00 முதல் 99 வரை நூறு வீடுகளுக்குத்தான் கடிதம் போகும். நூற்றியோராவது வீட்டைக் கட்டலாம், குடியேறலாம், விளக்கும் எரியும். கடிதம் மட்டும் வராது.

கணினியில் ஒரு கட்டத்தில் 0 அல்லது 1 மட்டும்தான் எழுதமுடியும். 20 கட்டங்கள் இருந்தால் 1,048,576 எண்கள் கிடைக்கும், அதாவது 1 எம்பி. 32 கட்டங்கள் இருந்தால் 4,294,967,296 எண்கள், அதாவது 4 ஜிபி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாமானில் வீடுகள் மட்டுமா இருக்கும்? பள்ளிக்கூடம், கிளினிக், கோயில் எல்லாவற்றுக்கும் கடிதம் போகவேண்டும். அவற்றுக்கும் இதே வரிசையிலிருந்துதான் எண் எடுத்துக் கொடுக்கவேண்டும். கணினியில் வீடியோ கார்டு, நெட்வொர்க் கார்டு, கணினியை எழுப்பிவிடும் பயாஸ் சில்லு ஆகியவை இந்தப் பொதுக் கட்டடங்கள். அவற்றுக்குக் கொடுத்த எண்ணை எந்த வீட்டுக்கும் கொடுக்க முடியாது.

எத்தனை கட்டங்கள், பொதுக் கட்டடங்களுக்கு எந்த எண்கள். இந்த இரண்டு கேள்விகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மொத்தக் கதையும் புரிந்துவிடும்.

பத்துக்கு ஆறு

1978-ல் இன்டெல் நிறுவனம் 8086 என்ற ப்ராசசரை வெளியிட்டது. அதற்கு 20 முகவரிக் கட்டங்கள். அதற்கு முந்தைய 8 பிட் சில்லுகள் 64 கேபி வரைக்கும்தான் எண்ணும். 1 எம்பி என்பது அதைப்போலப் பதினாறு மடங்கு. அன்றைக்கு யாரும் அதைக் குறை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே நம் ஊரைப் பற்றியும் ஒரு வரி சொல்லவேண்டும். இன்டெல் தொடக்கத்தில் நினைவகச் சில்லு விற்ற நிறுவனம். அமெரிக்காவுக்கு வெளியே அது அமைத்த முதல் தொழிற்சாலை 1972-ல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வந்தது. கணினி வரலாறு என்றாலே கலிபோர்னியா என்று படித்துவிட்டுப் போகிறோம். சில்லுகளைப் பொருத்துகிற, சோதித்துப் பார்க்கிற வேலை இந்தத் தீவிலும் நடந்தது. எத்தனை கட்டங்கள் என்று முடிவுசெய்த அறைதான் இங்கே இல்லை.

8086-இன் விலை குறைந்த தம்பியான 8088-ஐ வைத்து ஐபிஎம் தன் முதல் பீசியைச் செய்தது. 1981 ஆகஸ்ட் 12-ல் அது அறிவிக்கப்பட்டபோது அடிப்படை மாடலில் இருந்த ரேம் வெறும் 16 கேபி. ஐபிஎம் பொறியாளர்கள் 1 எம்பி முகவரிகளையும் 64 கேபி கொண்ட பதினாறு பகுதிகளாகப் பார்த்தார்கள். கீழே பத்துப் பகுதிகள் ரேமுக்கு. மேலே ஆறு பகுதிகள் வீடியோவுக்கும் பயாஸுக்கும் பிற கார்டுகளுக்கும். பத்து அறுபத்து நான்கு, 640. அப்படி வந்ததுதான் பிற்காலத்தில் ஒரு தலைமுறையையே படுத்திய 640 கேபி.

ஏன் ரேம் கீழே, மற்றவை மேலே? அதற்கும் காரணம் உண்டு. இந்த ப்ராசசர் கண் விழித்ததும் முதல் கட்டளையைத் தேடிப்போவது 1 எம்பியின் உச்சிக்குப் பதினாறு பைட் கீழே. அதனால் பயாஸ் அங்கே இருந்தாக வேண்டும். இன்னொரு முக்கியமான அட்டவணையை அது முகவரி 0-வில் தேடும். அதை மாற்றி எழுதவேண்டியிருக்கும் என்பதால் அங்கே ரேம் இருக்கவேண்டும். அடியில் ரேம், உச்சியில் பயாஸ். நடுவில் எங்காவது கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்? பத்துக்கு ஆறு என்று போட்டார்கள். 16 கேபி விற்கிற இடத்தில் 640 கேபி என்பது நாற்பது மடங்கு. எனக்கு அந்த முடிவில் எந்த முட்டாள்தனமும் தெரியவில்லை.

640 கேபி யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வாசகம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் அதை மறுத்திருக்கிறார். அவர் சொன்னதற்கு ஆதாரமும் கிடைத்ததில்லை. அந்தக் கோட்டைப் போட்டது ஐபிஎம்-இன் வடிவமைப்பு. ஆனால் ஒரு எல்லை தொல்லை கொடுக்க ஆரம்பித்ததும் அதற்கு ஒரு முகம் தேவைப்படுகிறது போல. கிடைத்த பிரபலமான முகத்தில் ஒட்டிவிட்டார்கள்.

அலமாரியும் கிடங்கும்

1983-ல் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை மென்பொருள் வந்தது. கம்பெனிகள் பீசி வாங்கியதற்கே அது ஒரு பெரிய காரணம். கணக்கர்கள் அட்டவணையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள், சீக்கிரமே 640-இன் சுவரில் இடித்தார்கள். காசு இருக்கிறது, ரேம் வாங்கலாம், ஆனால் கொடுக்க எண் இல்லை.

1985-ல் லோட்டஸும் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தன. மேலே இருக்கும் ஆறு பகுதிகளில் சும்மா கிடந்த ஒரு 64 கேபி இடத்தை எடுத்துக்கொண்டார்கள். அது கடையின் முன்பக்க அலமாரி மாதிரி. 16 கேபி அளவில் நான்கு தட்டுகள். பின்னால் தனிக் கார்டில் பல எம்பி ரேம், அதுதான் கிடங்கு. வாடிக்கையாளர் கேட்கிற சாமானைக் கிடங்கிலிருந்து எடுத்துவந்து தட்டில் வைக்கவேண்டும், வேறொன்று கேட்டால் இதை எடுத்துவிட்டு அதை வைக்கவேண்டும். இஎம்எஸ் என்று அதற்குப் பெயர். வேலை செய்தது. ஆனால் அதற்கென்று எழுதப்பட்ட மென்பொருளுக்கு மட்டும்தான் கிடங்கு இருப்பதே தெரியும்.

இதற்கிடையில் ப்ராசசர்கள் வளர்ந்துவிட்டன. 1982-ல் வந்த 80286-க்கு 24 கட்டங்கள், 16 எம்பி. 1985-ல் வந்த 80386-க்கு 32 கட்டங்கள், 4 ஜிபி. அப்புறம் என்ன பிரச்சனை? இயங்குதளம்தான் பிரச்சனை. டாஸ் பழைய 8086 முறையில் எழுதப்பட்டது. அதன்மேல் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் எழுதப்பட்டுவிட்டன. புதிய ப்ராசசரும் பழைய ப்ராசசர் மாதிரி நடித்தால்தான் அவை ஓடும். ஆக, 16 எம்பி எண்ணத் தெரிந்த சில்லு 1 எம்பி மட்டும் தெரிந்தது போல் உட்கார்ந்திருந்தது.

இந்த நடிப்பு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஓர் உதாரணம். 8086-இல் ஒரு விநோதம் உண்டு. 1 எம்பியைத் தாண்டிய முகவரியைக் கொடுத்தால் அது சுற்றிவந்து மறுபடியும் 0-விலிருந்து எண்ணும், பழைய காரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டி 00000-க்கு வருவது போல. சில மென்பொருள்கள் இந்தச் சுற்றலையே நம்பி எழுதப்பட்டிருந்தன. 80286-இல் இன்னும் அதிகக் கட்டங்கள் இருப்பதால் அது சுற்றாது. எனவே 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் இருபத்தோராவது முகவரிக் கம்பியை, அதாவது ஏ20-ஐ, அடைக்கவும் திறக்கவும் ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவைக் கட்டுப்படுத்த எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லில் ஒரு கால் சும்மா இருந்தது. அதை. கணினி எவ்வளவு ரேம் பார்க்கிறது என்பதற்கும் கீபோர்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை; கால் காலியாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் பல தலைமுறைக் கணினிகள் இந்தக் கதவைச் சுமந்துகொண்டே வந்தன.

1991 ஜூனில் வந்த எம்எஸ்-டாஸ் 5 இந்த விநோதத்தையே வீடாக்கிக்கொண்டது. கதவைத் திறந்துவிட்டால் 1 எம்பிக்குச் சற்று மேலே 65,520 பைட்டுகள் பழைய முறையிலேயே எட்டும். டாஸ் தன் பெரும்பகுதியை அங்கே குடிபெயர்த்துவிட்டு கீழே இடத்தைக் காலி செய்தது. அந்தக் காலத்தில் கணினி விளையாட்டு ஆடியவர்கள் எல்லாருமே அரைப் பொறியாளர்கள். மவுஸ் டிரைவரை மேலே தள்ளு, சிடி டிரைவரை எடுத்துவிடு, இந்த விளையாட்டுக்குத் தனி பூட் டிஸ்க் என்று அவர்கள் செய்ததெல்லாம் சில கேபிகளுக்காக. பெட்டிக்குள் 4 எம்பியோ 8 எம்பியோ இருக்கும். விளையாட்டோ 640-க்குள் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

எண்ணத் தெரியாத கணக்கர்

640 கதை பலருக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்தவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இயங்குதளம் ரேமைத் தானே தொட்டுப் பார்த்து எண்ணுவதில்லை. பயாஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். 1980-களில் எழுதப்பட்ட பழைய கேள்விமுறையில் பயாஸ் 1 எம்பிக்கு மேல் எத்தனை கேபி இருக்கிறது என்று ஒரு 16 பிட் எண்ணில் பதில் சொல்லும். 16 பிட்டில் சொல்லக்கூடிய பெரிய எண் 65,535. அதாவது ஏறத்தாழ 64 எம்பி. கணினியில் 128 எம்பி இருந்தாலும் இந்தக் கணக்கரின் நோட்டில் அதை எழுத இடம் இல்லை.

1990-களின் பிற்பகுதியில் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் இதில் மாட்டினார்கள். 128 எம்பி வாங்கிச் சொருகுவார்கள், லினக்ஸ் 64 என்று சொல்லும். அதற்கு மருந்து, கணினி தொடங்கும்போது கொடுக்கும் கட்டளை வரியில் ‘மெம்’ என்று எழுதி, சமக்குறி போட்டு, 128எம் என்று சேர்ப்பது. அதாவது பயனரே இயங்குதளத்திடம், “பயாஸ் சொல்றத விடு, 128 இருக்கு, நான் பாத்தேன்” என்று சாட்சி சொல்லவேண்டும். இல்லாத ரேமை இருப்பதாகச் சொன்னால் லினக்ஸ் அதையும் நம்பும். கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும்.

பிறகு இ820 என்ற புதிய கேள்விமுறை வந்தது. இதில் பயாஸ் ஒற்றை எண்ணைச் சொல்லாது. ஒரு பட்டியலே கொடுக்கும். இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை பயன்படுத்தலாம், இங்கிருந்து இதுவரை ஒதுக்கப்பட்டது, தொடாதே. தாமானின் வரைபடம் மாதிரி. இன்றும் லினக்ஸ் தொடங்கும்போது எழுதிவைக்கும் பதிவுகளின் தொடக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் ரேம் ஒரே நீளமான துண்டு அல்ல என்பது அப்போது தெரியும்.

விண்டோஸ் 98-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால் அது ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லும். கூடுதலாகப் போட்டதற்குப் போதவில்லை என்று பதில்! காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்கிலிருந்து படித்ததை ரேமில் சேர்த்துவைக்கும் ஒரு பகுதி அதில் இருந்தது. எவ்வளவு ரேம் இருக்கிறதோ அதற்கேற்ப அது எண்களை முன்பதிவு செய்துகொள்ளும். ரேம் அதிகமானதும் இயங்குதளத்தின் பங்கில் இருந்த எண்களையெல்லாம் அதுவே பதிவு செய்துவிட்டது. ரேம் காலியாகக் கிடக்கிறது, எண் தீர்ந்துவிட்டது. திருமண மண்டபத்தில் நாற்காலி நிறைய இருந்தும் எல்லாவற்றின்மேலும் கைக்குட்டை போட்டுவைத்திருந்தால் என்ன ஆகும், அதுதான். ஒரு அமைப்புக் கோப்பைத் திறந்து அந்தப் பகுதிக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். அந்த ஒரு வரியைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அப்பாவின் சந்தேகம்

2009-ல் நான் ஐந்தாம் படிவம். அப்பா ஓட்டி செய்து சேர்த்த காசில் எஸ்பிஎம் முடிந்ததும் தேவைப்படும் என்று ஒரு கணினி வாங்கினார். விஸ்டா போட்டிருந்தது. பெட்டியின்மேல் ஒட்டியிருந்த தாளில் 4 ஜிபி. வீட்டுக்கு வந்து மாட்டியபிறகு எந்தத் திரையில் பார்த்தாலும் 3.25.

அப்பாவுக்குக் கணினி தெரியாது, கணக்குத் தெரியும். “நாலு கிலோ அரிசி வாங்குனா மூணேகால் கிலோ குடுத்து அனுப்புவானா?” என்று கேட்டார். மறுநாளே கடைக்குப் போனோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “மேமாங் மாச்சாம் து லா, போஸ்” என்றார். எப்போதும் அப்படித்தானாம். அப்பா அதை நம்பவில்லை. அந்தக் கடைப்பக்கமே அவர் மறுபடி போகவில்லை. கடைக்காரர் சொன்னது உண்மை. அவர் எதையும் திருடவில்லை. ஆனால் ஏன் அப்படி என்று அவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணினிக் கட்டமைப்பு வகுப்பில்தான் எனக்கே பாதி விளங்கியது.

முதல் பாதி எளிது. 32 கட்டங்கள், 4 ஜிபி எண்கள். அவற்றில் உச்சியிலிருந்து ஒரு பகுதி வீடியோ கார்டு முதலான பொதுக் கட்டடங்களுக்குப் போய்விடுகிறது. 1981-இன் பத்துக்கு ஆறு கோடு மாதிரியே இன்னொரு கோடு. வீடியோ கார்டு பெரிதாக இருந்தால் அது கேட்கும் எண்களும் அதிகம். அதனால்தான் வீட்டுக்கு வீடு வேறு கணக்கு. ரேம் விலை மளமளவென்று இறங்கி சாதாரண வீடுகளும் 4 ஜிபி போட ஆரம்பித்ததும் இந்தக் கோடு எல்லார் கண்ணிலும் பட்டது.

அந்த நாளில் வாய்வழியாகப் பரவிய வைத்தியங்கள் பல. விண்டோஸின் தொடக்க அமைப்பில் ‘மேக்சிமம் மெமரி’ என்று ஒரு கட்டம் உண்டு, அதை டிக் பண்ணு என்பார்கள். பெயரைப் பார்த்தால் முழு ரேமையும் கொடுத்துவிடும் போலத்தான் இருக்கும். உண்மையில் அது இதற்குமேல் பயன்படுத்தாதே என்று எல்லை போடும் கருவி. மென்பொருளைச் சோதிப்பவர்களுக்காக வைத்தது.

மீதிப் பாதி

இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1995-ல் வந்த பென்டியம் ப்ரோ ப்ராசசரிலேயே இன்டெல் முகவரிக் கட்டங்களை 36 ஆக்கிவிட்டது. பிஏஇ என்று அதற்குப் பெயர். 36 கட்டங்கள் என்றால் 64 ஜிபி. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு நேரத்தில் 4 ஜிபி வரைதான் பார்க்கும். ஆனால் இயங்குதளம் மொத்தமாக 64 ஜிபி வரை பங்குபோட்டுக் கொடுக்கலாம். உச்சியில் வீடியோ கார்டு எடுத்துக்கொண்ட இடத்தில் இருக்கவேண்டிய ரேமை 4 ஜிபிக்கு மேலான எண்களுக்கு மாற்றிக் கொடுக்க மதர்போர்டுக்குத் தெரியவேண்டும், அது ஒரு நிபந்தனை. எல்லா மதர்போர்டுகளுக்கும் அது தெரியாது. தெரிந்தவையும் நிறைய இருந்தன.

அப்படியானால் 32 பிட் விண்டோஸ் ஏன் பயன்படுத்தவில்லை? பயன்படுத்தியது. 32 பிட் விண்டோஸ் 2000-இன் டேட்டாசென்டர் பதிப்பு 32 ஜிபி வரை எடுத்துக்கொண்டது. 32 பிட் விண்டோஸ் சர்வர் 2008-இன் என்டர்ப்ரைஸ் பதிப்பு 64 ஜிபி வரை எடுத்துக்கொண்டது. விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கும் அந்த சர்வர் 2008-உம் ஒரே கருநிரலைப் பகிர்ந்துகொண்டவை. அதே ப்ராசசர், அதே 32 பிட், வீட்டுப் பதிப்பு என்றால் 4 ஜிபியோடு சரி. அதே கணினியில் பிஏஇ வசதியோடு கூடிய 32 பிட் லினக்ஸைப் போட்டால் முழு ரேமும் தெரியும். “32 பிட்னா அப்படித்தான்” என்பது இங்கேதான் உடைகிறது.

மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணத்தை நியாயமாகக் கேட்கவேண்டும். மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றிய மார்க் ரஸ்ஸினோவிச் 2008-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சர்வர்களில் போடும் கார்டுகளின் டிரைவர்கள் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டவை. வீட்டுக் கணினிகளில் போடும் மலிவான சவுண்ட் கார்டு, வீடியோ கார்டு டிரைவர்கள் அப்படியல்ல. 4 ஜிபிக்கு மேல் முகவரி என்று ஒன்று இருப்பதையே நினைத்துப் பார்க்காமல் பல எழுதப்பட்டிருந்தன. பெரிய முகவரியைக் கொடுத்தால் அதன் தலையை வெட்டிவிட்டு மீதி எண்ணுக்குத் தரவை அனுப்பிவிடும். வேறு வீட்டுக்குக் கடிதம். விளைவு, கணினி விழும் அல்லது கோப்பு கெடும். அதனால் 4 ஜிபிக்கு மேலே உள்ள ரேமை வீட்டுப் பதிப்புகள் கண்டுகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

2004-ல் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கில் இதன் விநோதமான உருவம் தெரியும். வைரஸ்கள் தரவுப் பகுதியிலிருந்து நிரலாக ஓடுவதைத் தடுக்க ஒரு பாதுகாப்பு வசதி அதில் வந்தது. அதற்கான ஒரு பிட்டை எழுத பிஏஇ-இன் அகலமான அட்டவணையில்தான் இடம் இருந்தது. ஆகவே அந்த வசதி உள்ள கணினிகளில் எக்ஸ்பி பிஏஇ முறையில்தான் ஓடியது. பெரிய எண்களை எழுதும் உறையைப் பயன்படுத்திக்கொண்டே, பெரிய எண் உள்ள வீடுகளுக்குக் கடிதம் போடாமல் இருந்தது.

2009-ல் ஜெஃப் சாப்பெல் என்ற நிரல் ஆய்வாளர் 32 பிட் விஸ்டாவின் கருநிரலைப் பிரித்துப் பார்த்து எழுதினார். 4 ஜிபிக்கு மேல் கையாளத் தேவையான நிரல் அதில் முழுதாக இருந்தது. அதைத் தடுத்தது உரிமத் தரவில் எழுதப்பட்டிருந்த ஓர் எண். கணினி தொடங்கும்போது கருநிரல் அந்த எண்ணைப் படித்து, இதற்குமேல் உரிமம் இல்லை என்று நின்றுகொள்ளும். அந்தச் சோதனையை மாற்றியமைத்த கருநிரலோடு ஓடவிட்டு, மேலே இருக்கும் ரேமும் வேலை செய்கிறது என்று அவர் காட்டினார்.

டிரைவர் பிரச்சனை உண்மை. உரிமத் தடையும் உண்மை. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு என்று சொல்லலாம். பூட்டியது யார், சாவி யாரிடம், எந்தப் பதிப்புக்கு எவ்வளவு விலை என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் ‘32 பிட் கணிதம்’ என்று முடித்ததில்தான் எனக்கு வருத்தம். கணிதத்தோடு யாரும் சண்டை போடமுடியாது. முடிவோடு போடலாம், ஏன் என்றாவது கேட்கலாம்.

இன்னொரு சிறிய மாற்றத்தையும் குறித்துவைக்க வேண்டும். 2008-ல் வந்த விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக், கணினி விவரம் காட்டும் திரையில் ஒரு எண்ணை மாற்றியது. அதுவரை பயன்படுத்தக்கூடிய ரேமைக் காட்டிய இடத்தில் அதற்குப்பின் பொருத்தப்பட்ட ரேமைக் காட்டியது. பயன்படும் அளவு கூடவில்லை. அதே கணினி, அதே 3.25. திரையில் மட்டும் 4. புகார் சொல்லும் ஆட்கள் குறைந்திருப்பார்கள். 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-தான் இரண்டையும் ஒரே வரியில் எழுதியது: இவ்வளவு பொருத்தியிருக்கிறது, இதில் இவ்வளவு பயன்படும். அந்த ஒரு வரி நேர்மையானது. முதலிலேயே அப்படி எழுதியிருந்தால் எத்தனையோ கடைக்காரர்கள் திட்டு வாங்காமல் தப்பித்திருப்பார்கள்.

64 பிட்டுக்குப் பிறகு

கடைசியில் பிரச்சனை தீர்ந்தது 64 பிட்டால். 2003-ல் ஏஎம்டி நிறுவனம் ஆப்டெரான் ப்ராசசரோடு அந்தப் பாதையைத் திறந்தது. பழைய 32 பிட் நிரல்களையும் அப்படியே ஓடவிட்டதுதான் அதன் வெற்றி. இன்டெலும் அதே வழிக்கு வந்தது. 2005-ல் 64 பிட் எக்ஸ்பி வந்தது என்றாலும் டிரைவர் இல்லாமல் அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. விண்டோஸ் 7 காலத்தில்தான் வீடுகள் 64 பிட்டுக்கு நகர்ந்தன. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

எண்கள் இப்போது தாராளமாக இருக்கின்றன. ஆனால் பதிப்புக்கு ஒரு கூரை என்ற வழக்கம் போகவில்லை. 64 பிட் விண்டோஸ் 7-இல் ஹோம் பேசிக் 8 ஜிபி, ஹோம் ப்ரீமியம் 16 ஜிபி, ப்ரொஃபெஷனல் 192 ஜிபி. இவற்றில் எந்த எண்ணுக்கும் கட்டங்களின் எண்ணிக்கையோடு சம்பந்தம் இல்லை. விண்டோஸ் 11 ஹோம் 128 ஜிபி, ப்ரோ 2 டிபி. 128 ஜிபி போடுகிறவர்கள் நம்மில் குறைவு என்பதால் இது யாருக்கும் உறுத்துவதில்லை. 1981-ல் 640 கேபியும் யாருக்கும் உறுத்தவில்லை.

சாதாரண மடிக்கணினியிலும் இன்று 8 ஜிபிக்கு 7.8 என்றோ 7.4 என்றோ காட்டும். தனி வீடியோ கார்டு இல்லாதவற்றில் ப்ராசசருக்குள் இருக்கும் வீடியோ பகுதி ரேமிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்வது அதற்குப் பெரிய காரணம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் வன்பொருளுக்கு ஒதுக்கியது என்று அந்த அளவு தனியாக எழுதியிருக்கும். இருக்கவேண்டியதில் பாதிதான் தெரிகிறது என்றால் ஒரு துண்டு சரியாக உட்காரவில்லையா, பயாஸ் பார்க்கிறதா, 32 பிட் பதிப்பு போட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று வரிசையாகப் பார்க்கலாம். பயாஸ் முழுதாகப் பார்த்து விண்டோஸ் மட்டும் குறைத்துச் சொன்னால், அடுத்ததாக எந்தப் பதிப்பு என்று பாருங்கள். அந்தப் பதிப்புக்கு எத்தனை ஜிபி உரிமம் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலிலேயே இருக்கிறது.